மலையில் உட்கார்ந்துவிடும் பெண்கள்

தம்பி,

திங்கட்கிழமை நீ பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கண்டக்டராக, மலை வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தைப் பொறுப்பெடுக்கிறாய். போன கிழமை புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நீ காட்டியபோது லயத்து வரிசை வீடுகளிலிருந்து பெண்கள் எல்லாரும் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்று, "கண்டக்டர் ஐயா வந்துட்டாரு, எல்லாரும் ஒழுங்கா கொழுந்து எடுங்க" என்று கேலி செய்தார்கள். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். உள்ளே வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அம்மா சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நீ நினைத்துக்கொண்டாய். பாதி அதுதான். மீதிப் பாதியை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. தாய் மகனிடம் உட்கார்ந்து பேசுகிற விஷயமாக அதை நம் ஆட்கள் யாரும் நினைத்ததில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்வதென்றாலே முக்கால்வாசி கண்ணால்தான் சொல்லுவாள். ஆனால் இனிமேல் நீ பொறுப்பாக இருக்கிற மலையில் பெண்கள் வேலை செய்யப் போகிறார்கள். யாருக்கு முழுப் பேர், யாருக்கு அரைப் பேர் என்று நீதான் எழுதப் போகிறாய். முழுநாள் வேலையா அரைநாள் வேலையா என்பது உன் பேனாவில் இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளியில் எட்டு வரைக்கும் படித்தவள் நான். குவைத்துக்குப் போன பிள்ளைகளுக்கு இந்த லயத்து அம்மாமார் சொல்லச் சொல்ல எத்தனையோ கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் சொந்தப் பிள்ளைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

இது உன் அக்கா யோகாவைப் பற்றியது. அவள் காய்ச்சலில் செத்தாள் என்று நீ கேட்கிறவர்களிடம் சொல்கிறாய். அது பொய் இல்லை. ஆனால் அந்தக் காய்ச்சல் வருவதற்குப் பல வருடம் முன்னாலிருந்தே அவள் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டிருந்தாள். விடுதியில் தங்கிப் படித்த உனக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

உனக்கு நினைவிருக்கிற யோகா எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். நீ விளையாடக் கூப்பிட்டால், "போடா, ஏலாது" என்று உள்ளே காம்பராவில் சுருண்டு படுத்துக்கொள்கிறவள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறவள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அவளே உன்னை முதுகில் ஏற்றிக்கொண்டு கோயில் வரைக்கும் போய் வருவாள். "அக்காவுக்கு ரெண்டு மூஞ்சி இருக்கும்மா" என்று நீ ஒரு தடவை சொன்னாய், சின்னப் பையன் அப்போது. நாங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த இரண்டு முகத்துக்கும் காரணம் மாதவிடாய் என்று உனக்கு யார் சொல்லியிருக்க முடியும்? எனக்கே அது முழுசாக விளங்கியிருக்கவில்லை.

அவள் சின்ன வயதிலேயே பெரிய மனுசி ஆகிவிட்டாள். ஆரம்பத்திலிருந்தே அவளுக்கு அதிகம். மற்றப் பிள்ளைகளுக்கு நாலைந்து நாளில் நின்றுவிடுவது இவளுக்குப் பத்து நாளும் போகும். நின்ற பிறகும் உதடு வெளுத்துப்போய், ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினாலே மூச்சு வாங்கும். பள்ளிக்கூட பஸ் மேல் ரோட்டில்தான் நிற்கும், குறுக்குப்பாதையில் ஏறிப் போக வேண்டும். மற்றவர்கள் கதை பேசிக்கொண்டே ஏறிவிடுவார்கள். இவள் பாதி வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுவாள். பஸ் போய்விடும். திரும்பி வந்து படுத்துக்கொள்வாள். வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "புள்ளைக்கு மூளை இருக்கு, அக்கறைதான் இல்ல" என்றார். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னாலேயே படிப்பு நின்றுவிட்டது. அப்பா போன பிறகு உன்னைப் படிக்க வைப்பதற்காகத்தான் அக்கா பள்ளிக்கூடத்தை விட்டாள் என்று சொந்தக்காரர்கள் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். அந்தப் பாரத்தை நீ சுமக்க வேண்டாம், தம்பி. மேல் ரோட்டுக்கு ஏற முடியாமல்தான் அவள் விட்டாள். அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, "தம்பி படிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டாள். கேட்டவர்களும் நல்ல பிள்ளை என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ரோட்டுக்கு ஏற முடியாதவள் கொழுந்து மலைக்கு எப்படி ஏறினாள் என்று கேட்பாய். வேறு வழி இல்லாததால் ஏறினாள். அந்த மலையை நீ ரோட்டிலிருந்து பார்த்திருக்கிறாய், இப்போது புத்தகத்திலும் படித்திருக்கிறாய். மாதவிடாய் வந்து தூரமான நாளில் ஒரு பெண்ணின் கண்ணுக்கு அது வேறு மலை. மேலே கக்கூஸ் கிடையாது. பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்கு இறங்கும் வரைக்கும் துணி மாற்ற இடம் கிடையாது. ஒதுங்க வேண்டி வந்துவிடுமே என்று பயந்து பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். காலையில் ஒரு ரொட்டி, கொஞ்சம் சம்பல், ஒரு கோப்பைத் தேத்தண்ணி. அதோடு ஏறி, வறண்ட கச்சான் காற்றில் தொண்டை காய்ந்து, கொழுந்துப் பாரம் தலையைப் பின்னால் இழுக்க, இடுப்பு விட்டுப்போகிற வலியோடு நிற்க வேண்டும். மற்றவர்கள் நாங்கள் அதையும் தாண்டிக் கொழுந்து எடுத்துவிடுவோம். யோகா தேயிலைச் செடி நிரையின் நடுவில் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். செடி மறைத்துக்கொள்ளும். கங்காணி கண்டுபிடித்து, "என்னா யோகா, தூங்கத்தான் மலைக்கு வந்தியா?" என்று சத்தம் போடுவார். "கால் மரத்துப்போச்சுங்க" என்பாள். ஒரு நாளாவது உண்மையைச் சொன்னதில்லை. ஒரு ஆம்பளையிடம் என்னவென்று சொல்லுவாள்? பக்கத்து நிரையில் நான் நின்றால் என் கொழுந்தில் இரண்டு கை அள்ளி அவள் சாக்கில் போடுவேன். இல்லாத நாட்களில் நிறுவையில் குறைந்துவிடும், அரைப் பேர்தான். வீட்டுக்கு வந்து விழுவாள். நான் சூடாக ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். களைத்து வந்தவளுக்குக் கொடுக்க எங்களிடம் வேறு என்ன இருந்தது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதுளையில் உன் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழா. எனக்குக் கால் வீங்கியிருந்ததால் அக்கா வருவதாகச் சொல்லியிருந்தாள். வரவில்லை. மேடையிலிருந்து இறங்கி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றதாக நீ பிறகு சொன்னாய். அந்தத் தீபாவளிக்கு வந்தபோது அவள் முகத்துக்கு நேராகவே கேட்டாய்: "உனக்குத் தூக்கந்தான் பெருசு, என்னா? தம்பி எப்பிடிப் போனா ஒனக்கென்ன?" அவள் சிரித்துக்கொண்டே, "ஆமாடா, தூங்கிட்டேன்" என்றாள். தம்பி, அவள் அன்றைக்குக் காலையில் தலைவாரி, இருப்பதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு அப்புத்தளை ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கிறாள். இரயில் வந்ததும் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கிறாள். கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சேலையெல்லாம் நனைந்துவிட்டது. பிளாட்பாரத்தில் வடை விற்றுக்கொண்டிருந்த ஒரு சிங்கள அம்மா தன்னுடைய துண்டை எடுத்து அவள் இடுப்பில் சுற்றி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறாள். "தம்பிக்குச் சொல்லாதீங்கம்மா, அவனுக்குக் கேக்கவே வெக்கமா இருக்கும்" என்றாள் யோகா. உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சின்னப் பையன் நீ, உனக்கு வந்த கோபம் நியாயமான கோபம். அவளும் உன்னிடம் கோபப்படவில்லை. ஆனால் அவள் உன்னை மறந்து தூங்கிப்போனாள் என்று நீ இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

அதற்கு அடுத்த கச்சான் காலத்தில்தான் அவள் மலையில் விழுந்தாள். நல்ல வெயில். முன்னால் போய்க்கொண்டிருந்தவள் சத்தமே இல்லாமல் சரிந்து வாய்க்கால் கானுக்குள் கிடந்தாள். கொழுந்து லொறியில் சாக்குகளுக்கு நடுவில் படுக்கவைத்துக் கீழே கொண்டுவந்தோம். அங்கேயிருந்து பதுளை ஆஸ்பத்திரி. வார்டில் அவளைப் பார்த்த டாக்டர் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை, யோகாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவளாக இருக்கும். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள். இரத்தம் சோதித்து வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அம்மா, இவ எப்பிடி இவ்வளவு காலமும் மலை ஏறி வேலை செய்தவ?"

"எல்லாரும் போற மாதிரித்தான் போனா, மிஸ்."

"இருக்க வேண்டிய ரத்தத்தில அரைவாசிகூட இல்லை. மாதவிடாய் எத்தினை நாளைக்குப் போறது?"

சொன்னேன். "ஏன் ஒருத்தரிட்டயும் காட்டேல்லை?" என்று கேட்டாள்.

"பொம்பளைங்க எல்லாருக்கும் இருக்கிறதுதானேன்னு…"

அவள் என்னை ஏசவில்லை. "எல்லாருக்கும் வாறதுதான் அம்மா. ஆனா இவ்வளவு எல்லாருக்கும் வாறதில்லை. மாசத்தில ரெண்டு மூண்டு நாள் அலுப்பா இருந்தா, ஓய்வெடுத்துச் சாப்பிட்டா சரியாப் போயிடும். மாசம் முழுக்க எழும்ப ஏலாமல் கிடந்தா அது நோய். அதுக்கு மருந்து இருக்கு" என்றாள்.

 இத்தனை வருடமாக அந்தப் பிள்ளையின் தலையெழுத்து என்று நினைத்திருந்ததற்கு மருந்து இருந்திருக்கிறது.

இரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, உடம்பு தேறியதும் ஒப்பரேஷன் செய்ய வேண்டும், அதுவரைக்கும் மாதாமாதம் கிளினிக்குக்கு வர வேண்டும் என்றார்கள். விழுங்குவதற்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். "குளிசை போடேக்க தேத்தண்ணி குடிக்காதேங்கோ. சாப்பாட்டோடயும் வேண்டாம். தேத்தண்ணி இரும்புச்சத்தை உடம்பில சேர விடாது. தேசிக்காய்த் தண்ணியோட போடுங்கோ" என்றாள் டாக்டர். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவளும் கொழுந்து எடுக்கிறவள்தான். அவள் எழுந்து உட்கார்ந்து, "நல்லா இருக்கு போங்க. தேயிலையில பொறந்து தேயிலையில சாகுறவங்களுக்குத் தேத்தண்ணி ஆகாதாம்" என்றாள். வார்டே சிரித்தது. யோகாவும் சிரித்தாள். எனக்கு மட்டும் நான் ஊற்றிக் கொடுத்த கோப்பைகள் ஞாபகத்துக்கு வந்தன.

வீட்டுக்கு வந்த பிறகு அவளைப் பார்த்துக்கொண்ட விதத்தை உனக்கு விவரமாகச் சொல்கிறேன். நாளைக்கு உனக்கும் மனைவி வருவாள், மகள் பிறப்பாள். வெறும் வயிற்றில் குளிசை போட்டால் அவளுக்குக் குமட்டியது. அதனால் சாப்பிட்டுக் கொஞ்சம் பொறுத்து, தண்ணியில் எலுமிச்சை பிழிந்து அதோடு கொடுத்தேன். தேத்தண்ணியை வேறு நேரத்துக்குத் தள்ளிவைத்தோம். முதலில் இரண்டு பேருக்கும் தலையிடி வந்தது, பிறகு பழகிவிட்டது. ரொட்டியும் சம்பலும் மட்டும் போதாது என்று தெரிந்த பிறகு பருப்பு, முட்டை, நெத்தலிக் கருவாடு, கிடைக்கிற நாளில் கோழி ஈரல் என்று ஏதாவது ஒன்று சேர்த்தேன். நம் குளிருக்கு முருங்கை வராது. சந்தைக்குப் பசறைப் பக்கமிருந்து வரும் முருங்கைக்கீரையை வாங்கிச் சுண்டிக் கொடுத்தேன். கொய்யாப்பழம் கிடைத்தால் அதுவும். தூரமான நாட்களில் அவள் விறகுக்கும் தண்ணிக்கும் போகவில்லை. வயிற்றில் சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு நேரத்தோடு படுத்துவிடுவாள். மலைக்குப் போகும்போது ஒரு போத்தல் தண்ணீர் கட்டாயம். அவள் ஒதுங்கப் போனால் நானும் இன்னொருத்தியும் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்போம். பெரிய வைத்தியம் எதுவும் இல்லை, தம்பி. முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் முன்னாலேயே செய்திருப்போம்.

உடம்பு தேறி வந்தது. அந்த நேரத்தில் நம் தோட்டத்துக்கு ஒரு புதுக் கண்டக்டர் வந்தார். உன்னைப் போலத்தான், படித்த பையன், முதல் வேலை. கொழுந்து குறைந்தால் மேலே இருந்து அவரைத்தான் ஏசுவார்கள். யோகா கிளினிக்குக்கு இரண்டு தடவை லீவு கேட்டபோது கொடுத்தார். மூன்றாவது தடவை, காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் நிற்கும்போது, "மாசா மாசம் என்னா க்ளினிக்? ஒனக்கு மட்டும் தனிச் சட்டமா? வேலைக்கு வர ஏலாட்டி பேர வெட்டிக்கிட்டு வீட்ல இரு" என்றார். சுற்றிலும் ஆம்பளைகள். என்ன கிளினிக் என்று அவள் அங்கே எப்படிச் சொல்லுவாள்? "சரிங்க" என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறிப் போனாள். நான் பின்னாலேயே போய், "நான் பேசுறேன்டி" என்றேன். "வேணாம்மா. ஊரெல்லாம் பேசும். எனக்கு இப்ப நல்லாத்தானே இருக்கு, கொழுந்துக் காலம் முடியட்டும், போவோம்" என்றாள்.

குளிசை தீர்ந்தது. ஒப்பரேஷனுக்கு நாள் குறிக்கிற கிளினிக்குக்கும் போகவில்லை. கட்டி உள்ளேயே இருந்ததால் இரத்தப் போக்கு பழையபடி அதிகமாகிவிட்டது. திரும்பவும் நிரையின் நடுவில் உட்கார ஆரம்பித்தாள். மார்கழி மழையில் லயத்தில் எல்லாருக்கும் காய்ச்சல் வந்தது. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அவளுக்கு மட்டும் அது நெஞ்சுக்கு இறங்கிவிட்டது. பதுளைக்குக் கொண்டு போனோம். முன்பு பார்த்த டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தாள். "காய்ச்சலத் தாங்குறதுக்கு உடம்புல ஒன்னுமே இல்லம்மா" என்று வார்டு நர்ஸ் மிஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மேல்படிப்புக்குப் போயிருந்த கண்டியிலிருந்து நீ வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நீ கேட்டபோது, காய்ச்சல் என்று மட்டும்தான் சொன்னேன். அத்தனை ஆட்களுக்கு நடுவில் வேறு எதைச் சொல்வது?

அந்தக் கண்டக்டர் சாவு வீட்டுக்கு வந்தார். லயத்து மூலையில் தலைகுனிந்து நின்றார். போகும்போது என்னிடம் வந்து, "எனக்குத் தெரியாதுங்கம்மா. அந்தப் புள்ள ஒன்னுமே சொல்லலயே" என்றார்.  அவரைக் கெட்டவர் என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை. யாரும் சொல்லாத ஒன்றை அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? அவருக்கும் ஒரு அம்மா இருப்பாள். வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில் அவள் தன் மகனைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொல்லியிருந்தால் யோகா இன்றைக்கு இருந்திருப்பாளோ என்று நினைக்கிறேன். நினைத்து என்ன செய்ய?

அதனால் உனக்குச் சொல்கிறேன். உன் மலையில் ஒரு பெண் உட்கார்ந்துவிட்டால் எல்லார் முன்னாலும் காரணம் கேட்காதே. மூத்த பெண் ஒருத்தியை அனுப்பிக் கேள். ஏலாது என்று சொன்னால் அன்றைக்கு அவளை ரோட்டுப் பக்கத்து நிரைக்கு மாற்றிவிடு, மேல் மலைக்கு அனுப்பாதே. மலையில் தகரம் அடித்தாவது ஒரு கக்கூஸ் கட்டித் தரச் சொல்லி உன் தோட்டத்து மேனேஜர் துரையிடம் கேள். ஒரு தடவை கேட்டுக் கிடைக்காவிட்டால் திரும்பத் திரும்பக் கேள். அது இருந்தால் அவர்கள் தண்ணீராவது குடிப்பார்கள். கிளினிக் என்று யாராவது வந்து நின்றால் என்ன கிளினிக் என்று கேட்காமல் அனுப்பு. மாசம் முழுக்கச் சோர்ந்து திரிகிறவளை, நாள் கணக்கில் நிற்காமல் போகிறவளை, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி உன் தோட்டத்து மிட்வைஃப் மூலமாகச் சொல்லவை. இதனால் உன் கொழுந்துக் கணக்குக் கொஞ்சம் குறையும். ஏச்சு வாங்குவாய். வாங்கிக்கொள், தம்பி.

ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். இது அவள் நன்றாக இருந்த நாட்களில் நடந்தது, அந்தக் கண்டக்டர் பையன் வேலைக்கு வருவதற்கு முன்னால். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அவளும் விறகுக்குப் போனோம். முதல் நாள் மழை பெய்து விட்டிருந்தது, பனி இல்லை. அவள் எனக்கு முன்னால் ஏறினாள். "மெதுவாப் போடி" என்று நான்தான் பின்னாலிருந்து கத்தினேன். நான் போய்ச் சேரும்போது அவள் உச்சியில் நின்றுகொண்டிருந்தாள். கீழே சமவெளி முழுக்கத் தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அம்மா, எனக்கு மூச்சு வாங்கவே இல்லம்மா."

"நல்லதுதானே."

"எல்லாருக்கும் இப்பிடித்தான் இருக்குமா? தெனமும்? நீங்க எல்லாரும் இவ்வளவு லேசாத்தான் ஏறிக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமாடி."

 காற்றில் முந்தானை அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, ஒரு சின்னப் பிள்ளை கேட்பது போலக் கேட்டாள்:

"அப்போ நான் சோம்பேறி இல்லியாம்மா?"

உன் அம்மா